ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற தொழிலில், பட்டனை அழுத்தியதற்கும் திரையில் முதல் எழுத்து வருவதற்கும் நடுவில் இருக்கிற நேரம் ஒன்றுதான் கஷ்டம். மற்றதெல்லாம் ஸ்க்ரூ முடுக்குகிற வேலை. இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும். ஃபேன் சுற்றும், முன்பக்கத்து விளக்கு பச்சையாக எரியும், ஹார்ட் டிஸ்க் கூட லேசாக உறுமும். திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளர் முதலில் திரையைப் பார்ப்பார், அப்புறம் உங்களைப் பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வையை வாங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ஆரணியில் நசீர் அண்ணன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் கடை. பட்டு வியாபாரிகளும் ரைஸ் மில்காரர்களும் கம்ப்யூட்டர் வாங்க ஆரம்பித்திருந்த நேரம். கம்பெனிப் பெட்டி கட்டுப்படியாகாதவர்களுக்கு, சென்னையிலிருந்து பாகம் பாகமாக வாங்கி வந்து நாங்கள் பூட்டிக் கொடுப்போம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் திரை வராத ஒவ்வொரு பெட்டியும் என் வேலையையே கேட்கிற மாதிரி இருக்கும்.

ஆம்பளை மெக்கானிக்

நான் தனியாகப் பூட்டிய முதல் பெட்டி ரைஸ் மில் ராஜேந்திரனுடையது. தன் பெட்டி உருவாவதைத் தானே பார்க்க வேண்டும் என்று கடைக்கே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பட்டனை அழுத்தினேன். ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே ஒரு சுற்று. ராஜேந்திரன் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, “இன்னா பாய், ஆம்பள மெக்கானிக் யாரும் இல்லியா?” என்று நசீர் அண்ணனைக் கேட்டார். அண்ணன் மூலையில் ஒரு பழைய பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். தலையைத் தூக்காமல், “நான் கீறனே. ஆனா இந்தப் பொட்டிய அவங்க பாத்துகினு கீறாங்க” என்றார்.

அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கியிருந்தால், அதற்கப்புறம் அந்தக் கடையில் எந்தப் பெட்டியையும் என்னைத் வாடிக்கையாளர்கள் தொடவிட்டிருக்க மாட்டார்கள். அவர் எழுந்து வரவில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனால் அழுதுகொண்டே மெமரியைக் கழற்ற முடியாது. அதன் தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்த்துப் போட்டேன். பிரயோஜனமில்லை. கடைசியில் மதர்போர்டையே வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து ஒயர்களை இணைத்தேன். திரை வந்தது. அப்படியானால் போர்டு நல்லாத்தான் இருக்கிறது, கோளாறு வெளிக்கூடான கேபினெட்டில். டார்ச் அடித்துப் பார்த்தபோது, போர்டில் ஓட்டையே இல்லாத இடத்துக்கு நேராக போர்டைத் தாங்குவதற்கான ஒரு பித்தளைக் குமிழ் இருந்தது. கேபினெட் செய்த இடத்திலேயே பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். அது போர்டின் அடிவயிற்றில் முட்டி ஷார்ட் ஆகியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுப் போர்டை உள்ளே பூட்டினேன், திரை வந்தது. ராஜேந்திரன் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டு நசீர் அண்ணனிடம் சொன்னார்: “பாய், நாளைக்கி மில்லுல மாட்றதுக்கும் இந்தப் பொண்ணையே அனுப்பிடுங்க. வேற ஆள் வந்தா நான் மறுபடி மொதல்லேர்ந்து பயப்படணும்.”

மடியில் வந்த பெட்டி

சாந்தி அக்காவுக்குப் படவேடு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அச்சகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். ஊரிலேயே, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில், மனு, பயோடேட்டா, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுக்கிற கடை போடுவதாக ஏற்பாடு. எங்களிடம் பெட்டி வாங்கினார். கடையில் போட்டுக் காட்டினேன், திரை பளிச்சென்று வந்தது. மானிட்டரை யாரோ தெரிந்தவர் வண்டியில் முன்னாலேயே அனுப்பிவிட்டு, சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். “கலா, வெளக்கு எரியுது, ஃபேன் சுத்துது. படம் மட்டும் வரல.”

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப வந்தார். திறந்து பார்த்தேன். படத்தைத் திரைக்கு அனுப்புகிற டிஸ்ப்ளே கார்டு இடத்தைவிட்டுக் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது. அழுத்தி, ஸ்க்ரூவை இறுக்கமாக முடுக்கி அனுப்பினேன். படவேடு போனதும் மறுபடி படம் வரவில்லை. மறுபடி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் இன்னும் இறுக்கமாக முடுக்கினேன். மறுபடியும் அதேதான். அந்த வழியில் பஸ்ஸே குறைவு என்பதால் கண்டக்டருக்கு அக்கா நன்றாகப் பழக்கமாகிவிட்டார். “பொட்டிக்கும் ஒரு சீசன் பாஸ் எடுத்துடும்மா” என்று அவர் கிண்டல் செய்தாராம். அதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கடைக்கு நல்ல நாள் குறித்து, அந்த நாளும் தாண்டிப் போயிருந்தது. அவர் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

அடுத்த தடவை பெட்டியோடு நானும் பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்ததும், மின்சாரம் கொடுப்பதற்கு முன்னாலேயே பெட்டியைத் திறந்தேன். கார்டு எழும்பித்தான் இருந்தது. இந்தத் தடவை ஸ்க்ரூவை முடுக்கும்போது கார்டின் மறுமுனையைக் குனிந்து பார்த்துக்கொண்டே முடுக்கினேன். கேபினெட்டின் பின்பக்கத் தகடு லேசாக வளைந்திருந்தது. இந்த முனையில் முடுக்க முடுக்க அந்த முனை தூக்கிக்கொண்டது. பாதியை நான் தூக்கிவிட, மீதியை ரோடு தூக்கிவிட்டிருக்கிறது. பக்கத்து சைக்கிள் கடையில் குறடு வாங்கி வந்து தகட்டை நேராக்கினேன். திரை வந்தது. சாந்தி அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, சும்மா நாலு வரி அடித்துப் பார்த்தார். அப்புறம் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். “உங்கள ரொம்ப அலைய வெச்சிட்டேன்க்கா” என்றேன். அவர் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்: “அதனால இன்னா? பொட்டிய மடியில வெச்சிகினு போய்க்கினு வந்துகினு இருந்ததுல, போர்டு எழுதி மாட்றதுக்கு முன்னாடியே ஊரு பூரா தெரிஞ்சிபோச்சி, சாந்தி கம்ப்யூட்டர் கடை போடறான்னு.”

துடைத்த கை

ஆயுத பூஜை முடிந்து மில் திறந்த அன்று அங்கிருந்து போன். திரை சுத்தமாகப் போய்விட்டது, ஜல்தி வா என்று. பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போனேன். தவிட்டுத் தூசி உள்ளே போய் ஏதோ ஆகியிருக்கும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். ஆபீஸ் அறையில் ராஜேந்திரன், மேஸ்திரி, எடை போடுகிறவர் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பூஜைக்காக மானிட்டரைத் துணியால் அழுத்தித் துடைத்தவர்கள், அடியில் இருந்த பிரைட்னஸ் திருகையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள். அது முழுக்கத் திரும்பி அடியில் போய் நின்றிருந்தது. விரலால் திருப்பினேன். நெல் கணக்கு அப்படியே திரையில் இருந்தது. பிறகு ராஜேந்திரன் வேலையாட்கள் பக்கம் திரும்பினார்: “அந்தம்மா உக்காந்து டீ சாப்டுட்டு மெதுவா போவட்டும். யாருன்னா கேட்டா பெரிய ரிப்பேருன்னு சொல்லுங்க.”

ஏகாம்பரத்தின் கை

முள்ளிப்பட்டில் ஏகாம்பரம் சேலைக்கு டிசைன் போடுகிறவர். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பி, பார்டரும் முந்தானையும் வரைவார். ஒரு கட்டம் கூடப் பிசகாத கை என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். அவருக்கு வேலை கொடுக்கிற பட்டு முதலாளி, இனிமேல் டிசைன் கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், இல்லையென்றால் வெளியூர் ஆளிடம் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். ஏகாம்பரம் எங்களிடம் பெட்டி கேட்டார். அது நன்றாக ஓடினால் தன் ஆபீசுக்கும் நசீரிடமே வாங்கலாம் என்று அந்த முதலாளியும் சொல்லியிருந்தார்.

அவர்கள் வீட்டிலேயே வைத்துப் பூட்டினேன். ஏகாம்பரத்தின் மனைவி அமுதா அக்கா பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். அக்கம்பக்கத்துத் தறிகள் நின்று, எல்லோரும் வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. மெமரியை மாற்றினேன். கார்டை மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். போர்டை வெளியே எடுத்து அட்டைமேல் வைத்தும் பார்த்தேன். தெரிந்ததெல்லாம் செய்து முடித்தபோது மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: போர்டே செத்துப்போய் வந்திருக்கிறது. சென்னைக்குத் திருப்பி அனுப்பி மாற்ற வேண்டும். நல்ல நாளில், குங்குமம் வைத்த பெட்டியைக் காட்டி, இது உயிரில்லாமல் வந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? மென்று விழுங்கிச் சொன்னேன். கூட்டம் மெதுவாகக் கலைந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுப் போன் அடித்தது. முதலாளி. என் எதிரிலேயே ஏகாம்பரம் பேசினார். “வந்துடுச்சிங்க மொதலாளி. மிஷினு நல்லா கீது. எனக்குதான் மௌஸ் புடிக்க கை வரல. இந்தக் கல்யாண சேலைக்கி மட்டும் கையாலயே போட்டுக் குடுத்துடறேன், பொறுத்துக்கோங்க.” அந்தக் கைக்கு வராத வேலை என்று ஒன்று இருக்கிறதா? அவர் போனை வைத்தபோது நான் ஸ்க்ரூக்களைப் பொறுக்குகிற மாதிரி கீழே குனிந்துகொண்டேன்.

நசீர் அண்ணனே போர்டை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். புதுசு வருகிறவரை ஏகாம்பரம் கிராஃப் தாளில் குனிந்து அந்தச் சேலையை முடித்துக் கொடுத்தார். புதுப் போர்டைப் பூட்டிய அன்று வாசலில் கூட்டம் இல்லை, கணவன் மனைவி இரண்டு பேரும் நானும்தான். பட்டனை அழுத்தினேன். திரை வந்தது. அமுதா அக்கா என் தோளில் கை வைத்து அழுத்தினார். கொஞ்ச நாளில் மௌஸ் ஏகாம்பரத்தின் கைக்குப் பென்சில் மாதிரி ஆகிவிட்டது. முதலாளியும் தன் ஆபீசுக்கு எங்கள் கடையிலேயே வாங்கினார். அந்தப் பெட்டிகளையும் நான்தான் பூட்டினேன்.

ஒருநாள் ஏகாம்பரத்திடமே கேட்டுவிட்டேன். “அன்னைக்கி ஏன் அண்ணே உங்கமேல பழி போட்டுக்கினீங்க? போர்டு கெட்டதுன்னு உண்மைய சொல்லியிருக்கலாமே.” திரையில் ஒரு மாங்காய் பார்டரைக் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தவர், கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நெய்யும்போது இழை அறுந்தா முடிச்சி போட்டுட்டு ஓட்டறோம். மொதலாளிய கூப்ட்டா காட்றோம்?”

இத்தனை வருடத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: பட்டனை அழுத்தியதும் ஒழுங்காகத் திரை வந்தவர்கள் எல்லாம் பஜாரில் என்னைக் கண்டால் யாரென்று யோசிக்கிறார்கள், வராதவர்கள்தான் இன்றைக்கும் வீடு தேடி வந்து கல்யாணப் பத்திரிகை வைக்கிறார்கள்.