என் ஓரகத்தி கேட்ட கேள்வி

என் மகன் சோற்றில் விரலை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். எதிரில் என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு, ரசம் வேண்டுமா என்று கேட்கிற குரலில் அவனைக் கேட்டாள்: "செத்துரலாம்னு தோணுதா, சாமி?" ஏரியூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. எழவுக்குக் கிளம்பும்போதுகூட ஒரு வேலையாகப் போகிறோம் என்றுதான் சொல்வோம். சொன்னால் வந்துவிடும் என்று பயம். அதை இவள் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்.

அவள்மேல் எனக்குப் பொறாமை அன்று தொடங்கியதல்ல. தர்மபுரியில் ஒரு லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறவள். சொந்தத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போன் அவளுக்குத்தான் போகும். நான் கிண்டிய களியைத் தின்றுகொண்டே மாமியார் அவள் கைப்பக்குவத்தைப் பேசுவார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நடை பழகிய நாளிலிருந்து என் மகன் சித்தி, சித்தி என்று அவள் பின்னாலேயே போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ப்ளஸ் டூவுக்கு அவனை மொரப்பூர்ப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்திருந்தோம். அரையாண்டு லீவுக்கு வந்தவன் தூங்கவில்லை, தின்னவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி அடிக்கவில்லை, கண்தான் பட்டிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. யார் கண் என்று மனதில் ஒரு முகமும் வைத்திருந்தேன். இவள் முகம்தான்.

என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் அவனை அவளிடமே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே வந்து நின்றாள். மனம் நெருக்கடியில் இருக்கும்போது உடம்பில் கார்டிசால் என்று ஒரு ஹார்மோன் கூடுதலாகச் சுரக்குமாம். விடிந்ததும் ஏறி, பொழுது சாயச் சாய இறங்குவதுதான் அதன் வழக்கமாம். நெருக்கடி நீண்டுகொண்டே போனால் சிலருக்கு அது இறங்காமல் நிற்கும், சிலருக்கு ஏறவே ஏறாது என்றாள். இவனுக்குக் காலையிலேயே குறைவாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றவள் சற்று நிறுத்தி, "பையன் மனசுல என்ன கெடக்குதுன்னு டியூப்புல தெரியாதுங்க்கா. கேட்டாத்தான் தெரியும்," என்றாள். சொன்ன கையோடு கேட்டும்விட்டாள்.

நான் கரண்டியோடு எழுந்துவிட்டேன். விளங்காத வாய் என்று திட்ட நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவன், "ஆமா சித்தி," என்றான்.

அவன் அழுத அழுகையில் எனக்குக் கை கால் ஓடவில்லை. அவள் பதறவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டாள், சொன்னது நல்லதாகப் போயிற்று என்றாள். அவனை விட்டு நகராமல், வீட்டில் எதையெதை எடுத்துப் பூட்ட வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் தணிந்த குரலில் சொன்னாள். அன்று மாலையே மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, உள்ளே இருக்கிற பாரத்தை இறக்கிவைக்க இடம் கிடைக்கும் என்று டாக்டரும் சொன்னார். பெற்றவள் எதிரில் நிற்க அவன் பாரத்தை அவள் மடியில் இறக்கிவிட்டானே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பள்ளியை அப்போதே விட்டாயிற்று. மாத்திரையும் டாக்டரோடு பேச்சுமாக அவன் தேறி வர நாள் பிடித்தது. இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறான். ஓரகத்தி நல்லவள் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லலாம் என்று வாய் திறந்தால் பொறாமை முந்திக்கொள்கிறது.

போன வாரம் வீட்டுக்கு வந்தவன் முகம் வாடியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, என் வாழ்நாளில் முதன்முறையாக அந்தச் சொல்லைச் சொல்லி அவனிடம் கேட்டேன். நாக்குக் குழறியது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லம்மா. பரீட்சை டென்ஷன்தான். அப்படித் தோணுனா சொல்லிருவேன்."

"யாருகிட்ட?"

யோசித்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"சித்திகிட்ட."

வயிறு எரிந்தது. எரியட்டும். பிள்ளை இருக்கிறான்.