பிறந்த வீட்டுக் கோடி

என் தம்பியின் கம்பெனியில் தைத்த பனியன்களை எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவன் கையால் வர வேண்டியிருந்தது ஒரே ஒரு துணி. அது வராமல் போன கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அழுகையெல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டது, கோபம்தான் போகமாட்டேன் என்கிறது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணுக்குப் புருஷன் செத்துப்போனால், பிணத்தை எடுப்பதற்கு முன்னால் அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ ஒரு புதுச்சேலை கொண்டுவந்து அவள்மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அவர் போய்விட்டார், ஆனால் நாங்கள் இருக்கிறோம் என்று வாயால் சொல்லாமல் துணியால் சொல்வது. பிறகு அவளே சாகும்போது பிறந்த வீட்டிலிருந்து இன்னொரு கோடி வரும். அதைப் பார்க்க அவள் இருக்க மாட்டாள். அதனால் கண்ணால் பார்க்கக் கிடைப்பது முதல் கோடி ஒன்றுதான்.

எங்கள் அப்பாவுக்குப் பொங்கலூர்ப் பக்கம் தோட்டம். கிணறு கைவிட்டதும் தம்பி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். என் வீட்டுக்காரர் அப்போது திருப்பூரில் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கொஞ்ச காலம் கழித்து மூன்று பேருமாகச் சேர்ந்து முதலிபாளையத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தோம். அவர் துணியை வெட்டுவார், நான் ஓவர்லாக் மிஷினில் உட்காருவேன், தம்பி கொண்டுபோய் விற்பான். தகரக் கூரை. சித்திரை மாதத்தில் உள்ளே உட்கார்ந்தால், துணிக்கு முன்னால் நாங்கள் அயர்ன் ஆகிவிடுவோம்.

தம்பிக்கு இரண்டு சாமர்த்தியம் இருந்தது. ஒன்று பேச்சு. இன்னொன்று அவன் விரல்கள். காதர்பேட்டையில் நாங்கள் சரக்குப் போடுகிற கடைக்கார பாய் அவனோடு ஒரு விளையாட்டு விளையாடுவார். முதுகுக்குப் பின்னால் கையை நீட்டச் சொல்லி, அதில் ஒரு துண்டுத் துணியை வைப்பார். திரும்பிப் பார்க்கக் கூடாது. தம்பி கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு தேய்ப்புத் தேய்ப்பான்.

"நாப்பதாம் நம்பர் நூலுங்க பாய். சாயம் ஏறுனதுக்கப்புறம் சரியாக் காய வெக்கல."

கடையில் இருக்கிற வெளியூர் வியாபாரிகள் எல்லாம் வாயைப் பிளப்பார்கள். பாய் டீ வாங்கிக் கொடுப்பார். ஒரு நாள் சரக்கு மூட்டையோடு நானும் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், "இந்த வித்தைக்குப் பதிலா ரெண்டு மூட்டையத் தூக்கினா ஆகாதா கண்ணு?" என்றுதான் கேட்டேன்.

அந்த ஷெட் கம்பெனி ஆனது, கம்பெனி எக்ஸ்போர்ட் ஆனது. என் வீட்டுக்காரர் கடைசிவரை கட்டிங் டேபிளை விட்டு நகரவில்லை. ஏசி ரூம் போட்டுக் கொடுத்தான் தம்பி. அவர் அதில் டிபன்பாக்ஸை வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார்.

பதவி ஆசையில்தான் அவன் அரசியலுக்குப் போனான் என்று ஊரில் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சாயத் தண்ணீரை ஆற்றில் விட்ட விவகாரத்தில் சாயப் பட்டறைகள் நின்றுபோய், வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு ஊரே விழித்துக்கொண்டிருந்த சமயம் அது. முதலாளிகள் கூட்டமாகச் சென்னைக்குப் போனார்கள். அதிகாரிகள் முன்னால் மற்றவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றபோது இவன்தான் பேசினான். பேசத் தெரிந்தவனை யார் விடுவார்கள்? அடுத்த முறையும் அவனையே அனுப்பினார்கள். அப்புறம் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். தேர்தலில் நிற்கட்டுமா என்று கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தவனிடம் என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மாப்ள, இங்க ஒரு பீஸ் தப்பாப் போச்சுன்னா சரக்கு வாங்கற பையர் திருப்பி அனுப்பீருவான். நாமளும் பிரிச்சுத் தெச்சுக்கலாம். அங்க போய்ட்டா உங்களைய யாருங்க திருப்பி அனுப்பறது?"

"நீங்க இருக்கறீங்கல்ல மச்சா" என்று தம்பி சிரித்தான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்கும் ஆசைதான். தம்பிக்காகத் தெருத் தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டேன். என்னோடு ஓவர்லாக் ஓட்டிய பெண்களும் வந்தார்கள். ஜெயித்த அன்று அவன் மாலையும் கழுத்துமாக வந்து என் காலில் விழுந்தான். அந்த நிமிஷம் இப்போதும் இனிக்கிறது. அதை ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்?

எம்.எல்.ஏ. ஆன பிறகு கலர் கலராகச் சட்டை தைக்கிற ஊர்க்காரன் வெள்ளைக்கு மாறினான். வீட்டு வாசலில் எந்நேரமும் செருப்புக் குவியல். ஒரு நாள் அவனுக்குப் பிடிக்குமே என்று கொள்ளுப் பருப்பு கடைந்து தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போனேன். புதிதாகச் சேர்ந்த உதவியாளன், "மனு கொண்டாந்தீங்களாம்மா?" என்றான். "இல்ல சாமி, பருப்புக் கொண்டாந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறீங்களா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. வரிசையில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். பருப்பு ஆறிப்போனது.

நல்லது எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஷிப்ட் முடிந்து போகிற பெண்களுக்காக முதலிபாளையத்துக்கு ஒரு டவுன் பஸ் விட வைத்தான். மழை பெய்தால் குளமாகிற ரோட்டை உயர்த்தினான். எந்த வீட்டு விசேஷமானாலும் போய் நின்றான். அப்படிப் போய் நிற்பதில்தான் ஒரு கைப்பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. மேடையில் யாருக்காவது மரியாதை செய்ய வேண்டும் என்றால் இவன் திரும்பிப் பார்க்காமல் வலது கையைப் பின்னால் நீட்டுவான். உதவியாளன் அதில் ஒரு பொன்னாடையை வைப்பான். இவன் கேமராவைப் பார்த்தபடியே எதிரில் இருப்பவருக்குப் போர்த்துவான். அந்தச் சால்வைகள் உங்களுக்குத் தெரியும். பளபளவென்று ஜரிகை, கழுத்தைக் குத்துகிற பாலியஸ்டர். காதர்பேட்டையில் அப்படி ஒன்றைக் கையில் வைத்தால் அவன் பாயையே திட்டியிருப்பான்.

"துணியைத் தொட்டுக்கூடப் பாக்கறதில்லையா கண்ணு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கீங்க்கா நேரம்" என்றான்.

என் வீட்டுக்காரர் கட்டிங் டேபிளில் சாய்ந்தவர்தான், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. தம்பி அப்போது சட்டசபைக்காகச் சென்னையில் இருந்தான். அவன் வரட்டும் என்று மறுநாள் மதியம்வரை எடுக்காமல் வைத்திருந்தோம். எம்.எல்.ஏ. வர வேண்டும் என்று வாசலில் நின்றவர்கள் எல்லாம் காத்திருந்தார்கள். நான் காத்திருந்தது பொங்கலூரிலிருந்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்த என் தம்பிக்காக. அவன் வந்தால்தான் வாய்விட்டு அழ வேண்டும் என்று அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கார்கள் வரிசையாக வந்து நின்றன. பந்தல் காலில் இடிக்கிற அளவுக்கு ஒரு மலர் வளையம் முன்னால் வந்தது. பின்னாலேயே தம்பி. முகம் வீங்கி இருந்தது, வழியெல்லாம் அழுதிருக்கிறான். மச்சான் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுற்றிலும் படம் பிடிக்கிற போன்கள். நேரமாகிவிட்டது என்று எங்கள் பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

"பொறந்த ஊட்டுக் கோடி எங்கீங்க? வந்து போடுங்க."

தம்பி என் முன்னால் வந்தான். என் முகத்தைப் பார்த்தபடியே வலது கையைப் பின்னால் நீட்டினான். கையில் எது வந்ததோ அதை வாங்கி, இரண்டு கையாலும் விரித்து, என் தோளில் போர்த்தினான்.

பொன்னாடை.

ஜரிகைக் குஞ்சம் கழுத்தில் குத்தியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு இன்னும் தெரியவில்லை. பின்னால் நின்ற கட்சிக்காரர் ஒருவர் பழக்க தோஷத்தில் கை தட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அந்தச் சத்தத்தில்தான் தம்பி தன் கையைக் குனிந்து பார்த்தான். அந்த முகத்தை நான் சொல்லப்போவதில்லை. என் அத்தை ஒருத்தி ஓடிவந்து அதைப் பிடுங்கிக் கீழே போட்டாள். பெரியப்பா மகன் ஒரு சேலை கொண்டுவந்திருந்தார், அதை அவரையே என்மேல் போர்த்தச் சொன்னார்கள். முறையில் குறை இல்லாமல் ஆயிற்று.

தம்பி மனைவி கோடிச்சேலையோடு வந்து சேர்ந்தது அதற்கப்புறம்தான். அவள் வந்த கார் கட்சிக் கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாம். வரும் வழியில் கடையைத் திறக்கச் சொல்லித் தம்பியே பார்த்து எடுத்த சேலையாம். "அதான் போட்டாச்சே, உட்டுருங்க" என்றார் பெரியவர். கவரைப் பிரிக்காமலே அவள் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

சுடுகாட்டிலிருந்து வந்து எல்லாம் முடிந்து கிளம்பும்போது இன்னொன்றும் செய்தான். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இவன் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பி, "போயிட்டு வர்றனுங்க" என்றான். நாக்கைக் கடித்துக்கொண்டே காரில் ஏறினான். எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. தம்பி எங்கே போனான் என்றுதான் இருந்தது.

அந்தப் படம் ஊரெல்லாம் போனுக்குப் போன் பறந்தது. தாலி அறுத்தவளுக்குப் பொன்னாடை போர்த்திய எம்.எல்.ஏ. என்று சிரித்தார்கள். அடுத்த தேர்தல் நெருங்கும்போது எதிர்க்கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்து, "ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா, நாங்க ரெக்கார்ட் பண்ணிக்கறோம்" என்றார்கள். விளக்குமாறு எங்கே என்று தேடினேன். அவனைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது, இவர்கள் யார்? ஆனால் வாசல்வரை துரத்திவிட்டு உள்ளே வந்து, அவர்கள் சொல்லச் சொன்ன அதே வார்த்தைகளைச் சுவரைப் பார்த்து நானே சொல்லி அழுதேன்.

தம்பி என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். தீபாவளிக்கு டிரைவரிடம் பலகாரம் கொடுத்துவிடுவான். நானும் டிரைவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு போன் போட்டிருக்கலாம் நான். அவன் போடட்டும் என்று இருந்தேன். அவன் வெட்கத்திலும் நான் வீம்பிலுமாக வருஷங்கள் ஓடின.

கட்சி அவனுக்கு மறுபடி சீட்டுக் கொடுக்கவில்லை. செருப்புக் குவியல் ஒரே வாரத்தில் காணாமல் போனது. கம்பெனியை அதற்குள் வேறு யார் யாரோ பார்த்துக்கொண்டதில் பழைய பையர்கள் விலகிப் போயிருந்தார்கள். இப்போது ஒரே ஒரு ஃப்ளோர் ஓடுகிறது. பீகார்ப் பையன்கள் தைக்கிறார்கள், இவன் அவர்களோடு இந்தியில் பேசிக்கொண்டு செக்கிங் டேபிளில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டேன். மச்சான் நின்ற இடத்துக்குப் பக்கத்து டேபிள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தம்பி. தனியாக. கட்டம் போட்ட சட்டை. தலை பூராவும் நரைத்திருந்தது. அவனாகவே உள்ளே வந்து மச்சான் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தான். அன்றைக்குப் பிரிக்காமல் திரும்பிப் போன அதே சேலை.

"இது உங்களுக்கு எடுத்ததுங்க்கா. எங்கூட்டு பீரோவுலயே இருக்குது. தெறக்கறப்பல்லாம் கண்ணுல படுது. வாங்கிக்கங்க."

பிரித்தேன். நல்ல கோரா நூல் சேலை, ஓரத்தில் மெல்லிய பாக்குக் கலர்க் கரை. தொட்டதுமே தெரிந்தது, பழைய விரல்களால் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறான். மடிப்பு நெடுக லேசாக மஞ்சள் பூத்திருந்தது. இதைப் போர்த்திக்கொள்ளத்தான் அன்றைக்கு உட்கார்ந்திருந்தேன். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இப்போது இதை வாங்கி நான் எதற்காகக் கட்டுவது?

பழைய மடிப்பிலேயே மடித்து அவன் கையில் திருப்பி வைத்தேன். முகம் செத்துப்போனது அவனுக்கு.

"எனக்கு இன்னொரு கோடி இருக்குதல்ல கண்ணு" என்றேன். "அதுக்கு இதையவே வெச்சிரு. நான் போற அன்னைக்கு எடுத்துட்டு வா. டிரைவர்கிட்டக் குடுத்துடாத. பின்னாடி யாரு கையிலயும் குடுத்துடாத. நீயே கொண்டா."

அவன் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேலையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. நான் உள்ளே போய் டீ வைத்துக் கொண்டுவந்தேன். குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மச்சான் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனான்.