காலி என்று நம்பிய குழி: பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்கு

புரதப் படிகங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஜிஎஸ்டி சாலையில் போக வேண்டிய ஆய்வு மாணவர்கள் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் போனது 2006 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த அதிர்ச்சி இன்னும் முழுசாக விடவில்லை.

பெருங்களத்தூர் தாண்டியிருக்கும் எங்கள் கல்லூரியில், படிகத்துக்குள் எக்ஸ்ரே பாய்ச்சிப் புரதத்தின் வடிவத்தைப் படமெடுக்கும் கருவி கிடையாது. கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உண்டு. நான் நாலு வருடமாக மல்லுக்கட்டுவது ஓர் உட்கரு ஏற்பியோடு. செல்லுக்குள் இருக்கும் புரதம் அது. ஒரு பகுதி டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பகுதியில் ஒரு குழி. ஹார்மோன் வந்து அதில் உட்கார்ந்ததும், ஓரத்துச் சுருள் டிபன் பாக்ஸ் மூடி மாதிரி மடங்கிக்கொள்ளும். ஜீன் வேலையைத் தொடங்கும்.

எங்கள் ஏற்பிக்கு ஹார்மோன் எதுவென்று யாருக்கும் தெரியாது. போட்டுப் பார்த்த சேர்மம் ஒன்றும் ஒட்டவில்லை. குழி காலியாக இருந்தே வேலை செய்யும் அபூர்வப் பிறவி இது என்று என் வழிகாட்டி, நாங்கள் 'சார்' என்பவர், முடிவு கட்டிவிட்டார். கட்டுரை எழுதியாயிற்று. படம் மட்டும் பாக்கி. திங்களன்று அனுப்ப வேண்டும். என் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

மின்சார ரயிலில் இடிப்பார்கள் என்று ஆட்டோ பிடித்தேன். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். மடியில் தெர்மோகோல் பெட்டி. உள்ளே கண்ணாடியில் தொங்கும் துளிகள், அவற்றுக்குள் படிகங்கள். சாய்ந்தால் வழிந்துவிடும்.

"இன்னாக்கா, மீனா?" என்றார் ஓட்டுநர்.

"மீன் இல்லண்ணா, லேப் சாமான். ஆடாம போங்க, ப்ளீஸ்."

"ஆடாமயா? இன்னிக்கு பல்லாவரம் சந்தை வேற கீது. ஒரே பேஜாரு. நீ கெட்டியா புட்ச்சிக்கோ, நான் பார்த்துக்கறேன்."

தாம்பரம் வரை சொன்னபடியே ஓட்டினார். பல்லாவரத்தில் மூங்கில் கூடையும் பழைய மின்விசிறியுமாகச் சாலையை அடைத்த கூட்டத்தில் ஒரு வேன் குறுக்கே வர, பிரேக் போட்டார். பெட்டியோடு முன்னால் போய் முட்டினேன். உயிரே போய்விட்டது. திறந்து பார்த்தால் துளிகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. ஓட்டுநர் என்னைவிடப் பெரிதாக மூச்சு விட்டார்.

ஆய்வுக்கூடத்தில் கருவியைப் பார்த்துக்கொள்ளும் மேடம் நல்ல படிகமாகப் பொறுக்கி எக்ஸ்ரேயில் வைத்தார். மறுநாள் மதியம் கணினியில் படம் வந்தது. சுருள்கள் கச்சிதமாகத் தெரிந்தன. மூடியும் மூடியிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"குழிக்குள்ள என்னமோ இருக்கே?" என்றார் மேடம்.

"தண்ணியா இருக்கும் மேடம்."

"தண்ணி இவ்வளவு நீளமா இருக்காதும்மா." திரையைச் சுழற்றினார். புழுப்போல ஒன்று குழி முழுக்க வளைந்து படுத்திருந்தது. "கொழுப்பு அமிலம் மாதிரி தெரியுது. புரதத்தை எதுல வளர்த்தீங்க?"

"பாக்டீரியால."

"அப்ப அதோட கொழுப்புதான். எவ்வளவு கழுவியும் போயிருக்காது. நீங்க குழி காலியா இருக்கான்னு செக் பண்ணலையா?"

வளர்த்தவள் நான், கழுவியவள் நான், அதனால் சுத்தம் என்றே நம்பிவிட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கும் மடத்தனம் இது.

வாசலில் ஒரு ரூபாய் போன் இருந்தது. சாரைக் கூப்பிட்டேன்.

"சார், குழி காலி இல்ல சார். பாக்டீரியாக் கொழுப்பு உள்ள உட்கார்ந்திருக்கு."

"சரி, கட்டுரையை நிறுத்திடலாம்," என்றார். நானும் கட்டுரை போனதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம், பல்லாவரம் நகராது. பெட்டியை இருக்கையில் வைக்காமல் மடியில் வையுங்கள். கிளம்பும் முன் குழிக்குள் ஏதும் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

திங்களன்று கல்லூரிக்குப் போனதும், ஒட்டவில்லை என்று நான் ஒதுக்கிய சேர்மங்களின் அலமாரியைத் திறந்தேன். பாதி தட்டுகள் காலி. இடம் போதவில்லை என்று நானே அவ்வப்போது கொட்டியவை. கொழுப்பு அடைத்துக்கொண்டு உட்கார இடமே இல்லாத குழியில் அவை எப்படி ஒட்டும்? நாங்கள் தேடிய ஹார்மோன் அவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம்.