மூத்திர மாத்திரை

நாட்டில் சராசரி ஆயுள் கூடிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். என் கணவரின் அண்ணனுக்குக் காரியம் முடிந்த மறுவாரம் அது. ஐம்பதைத் தாண்டாத மனிதர். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுநர். எண்ணூர் சாலையில் வரிசையில் நின்ற வண்டியின் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம்.

விதி என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியாவது மண்ணாங்கட்டியாவது! இருந்தது பிரஷர், அதற்கு மாத்திரையும் இருந்தது. தெருவுக்கு நாலு பேர் இப்படிப் பாதியில் போனால் நாட்டுக்கு ஆயுள் எங்கிருந்து கூடும்?

என் கணவருக்கும் அதே வேலை, அதே பிரஷர். அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பிரிக்காத மாத்திரை அட்டை இருந்தது.

"இன்னாய்யா இது? துன்றியா இல்லியா?"

"டூட்டி இல்லாதப்போ துன்றேன்மே. அத்தப் போட்டா சும்மா சும்மா மூத்திரம் வருது. எறங்கிப் போனா லைன் நவுந்துடும், பின்னால கீறவன் பூந்துடுவான். டிரைவருங்க எல்லாம் அப்டித்தான். அண்ணனும் அப்டித்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். மாதத்தில் முக்கால்வாசி நாள் அவருக்கு டூட்டி.

மறுநாள் காலை வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "ஆஸ்பத்திரிக்கு வந்தா சாவி. இல்லாங்காட்டி வூட்லயே குந்து."

டாக்டர் சின்னப் பெண். இவர் வெட்கப்பட்டுக் கூரையைப் பார்த்தார். நான்தான் கேட்டேன்: "ஏம்மா, ஒண்ணுக்கு வராத பிரஷர் மாத்திரை கீதா?"

அவள் சிரிக்கவில்லை. "இருக்குங்க. மாத்தித் தரேன். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. ஆனா தினமும் போடணும்" என்று பிரஷர் பார்த்து எழுதிக் கொடுத்தாள். அவ்வளவுதான் வேலை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணனும் அந்த மாத்திரதானே வெச்சிருந்துச்சி. ஒரு வார்த்த கேக்கலியேமே."

அழவிட்டேன். நானும் அழுதேன். பிறகு அவரோடு டிரெய்லரில் ஏறிப் போய், எண்ணூர் சாலையில் இறங்கி, வரிசையில் நின்ற வண்டிகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினேன். "பிரஷர் கீதா? மூத்திர மாத்திரையா?" சிலர் திட்டினார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கீழே இறங்கி, "எந்த ஆஸ்பத்திரிமா?" என்றார்.

அதற்குள் வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்தவன் ஹாரனை அழுத்திக்கொண்டு முந்தப் பார்த்தான். அவன் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, இறங்கியவருக்கு வழி சொன்னேன்.