பிரிய வேண்டிய தையல்

என் அக்கா கார் சீட்டுக்கு உறை தைப்பவள். என் டிங்கரிங் ஷெட்டை ஒட்டியே அவள் கடை. கடை என்றால் தகரக் கூரை, ஒரு கனத்த தையல் மெஷின், சுருள் சுருளாக ரெக்சின், அவ்வளவுதான். டாக்சிக்காரர்கள் அவளுக்கு ‘இரும்பு நூல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கோபப்பட்டதில்லை, உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஒவ்வொரு உறையையும் தைத்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்வாள். நான் தகரத்தை நிமிர்த்துகிற ஆள். என் இழுப்புக்கும் மசியாது.

ஒரு நாள் காலையில் அடிபட்ட டாக்சி ஒன்றை என் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். நாற்சந்தியில் ஒரு வேன் வந்து, டாக்சியின் டிரைவர் பக்கக் கதவில் மோதியிருக்கிறது. டாக்சி டிரைவருக்கு விலாவில் விரிசல். பெல்ட் போட்டிருந்ததால் அதோடு போயிற்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வந்த மனுஷன் என்னிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அக்காவிடம் போனார்.

“கதவே உள்ள வந்துடுச்சு. உங்க தையல்ல ஒரு இழை பிரியலக்கா.”

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன்.

முன்னால் மோதினால் நசுங்கிக்கொடுக்க பானட் முழுசாக இருக்கிறது. ஸ்டீயரிங்கிலிருந்து காற்றுப்பையும் வரும். பக்கவாட்டில் மோதினால் கதவுக்கும் விலாவுக்கும் நடுவே இருப்பது ஒரு சாண். அதற்காகவே சீட்டின் ஓரத்தில் ஒரு காற்றுப்பையை மடித்து வைத்திருக்கிறார்கள். மோதிய கணத்தில் அது சீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்து நடுவில் நிற்க வேண்டும். இந்த வண்டியில் பை வெடித்திருக்கிறது. ஆனால் அக்காவின் தையல் வழிவிடவில்லை. பை உள்பஞ்சைக் கிழித்துக்கொண்டு முதுகுப் பக்கம் போய்ச் சுருண்டு கிடந்தது.

அக்காவிடம் சொன்னேன். பைதான் சொத்தை என்றாள். சீட் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய குட்டித் துணி ஒன்று இருக்குமே என்று கேட்டேன். அது அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும், எல்லா வண்டியிலும் மூடித்தான் தைப்பேன் என்றாள். மாமா வண்டியிலுமா என்றேன். மெஷின் பக்கம் திரும்பி நூல் கோக்க ஆரம்பித்தாள். மாமா அவள் புருஷன். அவரும் டாக்சிதான் ஓட்டுகிறார். அன்று சாயங்காலம் அவருக்கு வெளியூர் சவாரி.

வாய்ப்பேச்சு உதவாது என்று அவளைப் பழைய வண்டி உடைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே உடைப்பதற்கு முன் பைகளை எட்ட நின்று, நீளக் கம்பியை பேட்டரியில் தொட்டு வெடித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்தவர்கள்தான். ஒரே வண்டியின் இரண்டு சீட்டுக்கும் அவளையே உறை போடச் சொன்னேன். ஒன்றுக்கு அவளுடைய வழக்கமான தையல். மற்றதன் ஓரத்தில் மட்டும் மெல்லிய பருத்தி நூல். அதை மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு தைத்தாள்.

முதல் சீட் ‘தொப்’ என்றது. பொன்னுக்கு வீங்கி வந்த கன்னம் மாதிரி உப்பியது, பை வெளியே வரவில்லை. இரண்டாவதில் சத்தம் காதில் விழும்போதே பை வெளியே நின்றது.

அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மாமா கிளம்பிட்டாராடா?”

கிளம்பவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது கடை வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே ஏறி, சீட் ஓரத்தில் பிளேடை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மாமாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஊரே கண் வைத்த உறை அது.

“மச்சான், உங்கக்காவைப் பிடிங்க.”

எனக்குக் கைவேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அரை மணியில் மெல்லிய நூலில் தைத்து முடித்தாள். மாமா சும்மா இருக்காமல் விரலை விட்டு நெம்பினார். பிரிந்துகொண்டது.

“என்னடி தையல் இது? நெம்பினாலே வாயைப் பிளக்குது.”

“உங்க விலா உடையுறதுக்குப் பதிலா அது பிளக்கட்டும். கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க.”

திரும்பவும் தைத்தாள். மாமா முணுமுணுத்துக்கொண்டே சவாரிக்குப் போனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அக்கா டாக்சி ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, தன்னிடம் உறை தைத்த அத்தனை பேரையும் வரச் சொல்லிவிட்டாள். வந்தார்கள். என் ஷெட் வாசலில் ஒரு சைக்கிள் நுழைய இடமில்லை. விலாவில் அடிபட்டவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கி, நெஞ்சைச் சுற்றிப் போட்ட கட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். வேலை கெடுகிறது, வண்டிகளை எடுங்கள் என்று. அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, இன்னொரு பிளேடை என் கையில் திணித்தாள்.

“கத்துற நேரத்துல நாலு சீட்டைப் பிரி.”

பிரித்தேன். கை வலி போக மூன்று நாள் ஆயிற்று.