வலது ஓரத்துப் பொட்டு

அம்பிட்டியவில் 'சாக்ஸ் அனுஷியா' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ்க் கல்யாணங்களில் நாதஸ்வரத்துக்குப் பதிலாகச் சாக்சபோன் வாசிக்கிற ஒரே பொம்பளை அவள். வயது முப்பத்தொன்பது. பன்வில தோட்டத்தில் பிறந்தாள், டவுனில் ஒரு பாதர் நடத்திய பேண்டில் ஊதப் பழகினாள், தவில்காரர் கணேசைக் கட்டிக்கொண்டாள். வாரநாளில் நூலகத்தில் புத்தகம் அடுக்குவாள், முகூர்த்த நாளில் புருசனோடு வாசிக்கப் போவாள். மேடையேறி ஊதுகிறவள், நல்ல துணிச்சல்காரியாக இருப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் கிடையாது. கரப்பான்பூச்சிக்குப் பயம், கரண்ட் போனால் பயம், மாமியார் இரத்தினம்மா இருமினால் பயம். எல்லாவற்றுக்கும் மேலே கெட்டிமேளத்துக்குப் பயம்.

தாலி ஏறுகிற நேரத்தில் யாரோ தும்முகிற சத்தமோ, எவனோ 'தொலைஞ்சான்' என்று சொல்கிற பேச்சோ மணமக்கள் காதில் விழுந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் ஐயர் கையை ஆட்டியதும் மேளமும் குழலும் சேர்ந்து மண்டபமே அதிர முழங்க வேண்டும். கெட்ட சத்தத்தை மறைப்பதற்கென்றே கூலி வாங்குகிறவள் வாயிலிருந்தே கெட்ட சத்தம் வந்தால் என்ன ஆகும்? இந்த நினைப்பிலேயே பதினொரு வருசம் ஓட்டியிருக்கிறாள் பாவி மகள்.

கடைசியில் அது நடந்தேவிட்டது. போன மாதம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கல்யாணம். ஐயர் கையை ஆட்டினார், கணேஸ் தவிலில் இறங்கினார், அனுஷியா ஊதினாள். 'கீச்' என்று ஒரு சத்தம். பூனை வாலை மிதித்தமாதிரி. பெண்ணின் அம்மா கையிலிருந்த அட்சதைத் தட்டு அப்படியே கவிழ்ந்தது. மூன்றாம் நாள் மாப்பிள்ளை குளியலறையில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். சவர்க்காரத் தண்ணீரில் வழுக்கி விழுந்தவனுக்குச் சாக்சபோன் என்ன ஐயா செய்யும்? ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? "அந்தப் பொம்பளை ஊதுனா வெளங்காது" என்று கிளப்பிவிட்டார்கள். பேசி வைத்திருந்த இரண்டு வீட்டார் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

அதோடு போனாலும் பரவாயில்லை. அடுத்த கல்யாணம் வெளியாருடையது அல்ல, கணேசின் தங்கை நிலூஷாவுடையது.

"என் மக கல்யாணத்துக்கு அவ ஊத வேணாம்" என்றாள் இரத்தினம்மா, மருமகள் அடுப்படியில் நிற்பது தெரிந்தே.

"அண்ணி ஊதலேன்னா நான் மணவறையில ஒக்காரமாட்டேன்" என்றாள் நிலூஷா.

பிடிவாதத்தில் மகள் ஜெயித்தாள். இரத்தினம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்து, "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இந்த வீட்டுல ஒனக்குச் சோறு எறங்காது, பாத்துக்க" என்றாள். அனுஷியாவுக்கு அன்றிலிருந்தே சோறு இறங்கவில்லை. வாயில் வைத்து ஊதுகிற மவுத்பீசில் நாணல் சீவலான ரீட்டைப் புதிதாக மாற்றினாள், கீச்சியது. இன்னொன்று மாற்றினாள், அதுவும் கீச்சியது. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது மவுத்பீசைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே பித்தளைப் பட்டறை வைத்திருக்கும் அஸ்ஃபருக்கு மவுத்பீஸ் சீர் பார்க்கிற கைவேலையும் தெரியும். பேண்ட்காரர்கள் எல்லோரும் 'நாநா' என்று அண்ணன் முறை சொல்லி அவரிடம்தான் போவார்கள். அவர் ரீட்டைக் கழற்றினார். எபொனைட் என்கிற கறுப்புக் கெட்டி ரப்பரில் செய்த மவுத்பீசைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இங்க பாருங்க தங்கச்சி. ரீட் இந்தச் சமதளத்துல படுத்து ஈக்கும். நுனிப்பக்கம் மட்டும் மவுத்பீஸ் மெல்ல வளைஞ்சு ரீட்டை விட்டு வெலகிப் போகுது பாருங்க, அந்த வளைவுக்குத்தான் ஃபேசிங் எண்டு சொல்ற. வளைவு நீளமா ஈந்தா கீழ்ச்சுரம் லேசா வரும். கட்டையா ஈந்தா மேல்ச்சுரம் சுருக்கா பேசும். எப்படி ஈந்தாலும் ரெண்டு ஓரமும் ஒரே அளவு ஈக்கோணும்."

தலைமயிர் கனத்தில் ஒரு இரும்புத் தகட்டை எடுத்து, கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவே நுழைத்தார். இரண்டு ஓரத்திலும் முட்டி அது நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. வலதுபக்கம் உள்ளே போய்க் கோணலாக நின்றது.

"வலது ஓரம் தேஞ்சு போச்சு. ரீட் ஒரு பக்கம் மூடுது, மத்தப் பக்கம் மூடல்ல. கீச்சாம என்ன செய்யும்? இந்த ஒரு பக்கத்த மட்டும் யாரு தேய்ச்ச?"

யாரும் தேய்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்குக் குங்குமச் சிமிழ் ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முதல் நாள், கீச்சிவிடக் கூடாதே என்ற பயத்தில், மவுத்பீசுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவாள். மேல்பக்கம் பல் படும், எச்சில். ஆகவே கீழே, ரீட் படுக்கிற பக்கத்தில், வலது ஓரத்தில், கடுகளவு பொட்டு. பொட்டு இருந்தால் ரீட் சரியாக உட்காராது என்பதும் தெரியும். அதனால் கும்பிட்டு முடித்ததும் தேங்காய்த் தும்பும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரியே அழுத்தித் தேய்த்துக் கழுவிவிடுவாள். பித்தளை தாங்கும். எபொனைட் தாங்குமா? பதினொரு வருசமாக அதே இடத்தில் பொட்டு, அதே இடத்தில் தேய்ப்பு.

"நான்தாங்க நாநா" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

அஸ்ஃபர் சிரிக்கவில்லை. "அழாதீங்க. இடது ஓரத்தையும் அந்த அளவுக்கு எறக்கிடுவோம். ஆனா எடுத்தத திரும்ப வெக்க ஏலாது. ஒரு மயிரிழை கூடிட்டா மவுத்பீஸ் போச்சு. சம்மதமா?"

அவளிடம் வேறு மவுத்பீஸ் கிடையாது. சரியென்று தலையை ஆட்டினாள். மெல்லிய உப்புத்தாளைக் கண்ணாடியில் விரித்து அவர் இரண்டு இழுப்பு இழுப்பார், தகடு வைத்துப் பார்ப்பார், மறுபடி இழுப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் அவளுக்குப் பல் கூசியது. ஒரு மணி நேரம் கழித்துத் தகடு நேராக நின்றது.

"இப்ப வளைவு முந்தினதவிட நீளம், வாயும் கொஞ்சம் கூடத் தொறந்து ஈக்கு. காத்து நெறைய கேக்கும். ஒண்டு சொல்றன், மறக்காதீங்க. பயந்தா நீங்க கடிக்கிற ஆள், மேல்பக்கத்துப் பல்தடமே சொல்லுது. இதுல கடிச்சா ரீட் ஒட்டிக்கிட்டு சத்தமே செத்துப் போகும். பயம் வந்தா கடிக்காதீங்க, ஊதுங்க."

ஆறு நாளும் ஊதிப் பழகினாள். கீச்சு வரவில்லை. வராததே பயமாக இருந்தது. எல்லாம் சேர்த்து வைத்து அன்றைக்கு வரப்போகிறதோ என்று நினைத்தாள். சொன்னேனே, பயப்படக் காரணம் கிடைக்காவிட்டால் தேடிக் கண்டுபிடிக்கிறவள் அவள்.

கல்யாணத்தன்று காலை பெட்டியைத் தூக்கும் நேரத்தில் இரத்தினம்மா குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள்.

"அந்த வாயில வெக்கிறத எடு. பொட்டு வெக்கணும். நேத்து நீ வெக்கலேன்னு எனக்குத் தெரியும்."

அனுஷியா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். பொட்டு வைத்தால் தேய்க்க வேண்டும், தேய்த்தால் கெட்டுவிடும். வைக்காமல் போய் ஏதாவது ஆகிவிட்டால்? சாமி ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம்.

"வேணாம் அத்தை" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் 'வேணாம்' அதுதான். கணேஸ் தவிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்னடி சொன்ன?"

"அதுக்கு வெக்க வேணாம். எனக்கு வெச்சு விடுங்க." சொல்லிவிட்டு நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இரத்தினம்மா கட்டைவிரலில் குங்குமத்தை எடுத்து, மருமகள் நெற்றியில் அழுத்தி வைத்துவிட்டு, வேனில் போய் ஏறிக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. கட்டுகஸ்தோட்டைக் கதையைக் கேட்டவர்கள் மணவறையைப் பார்க்காமல் இவளைத்தான் பார்த்தார்கள். ஐயர் தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். கையை ஆட்டினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அனுஷியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பல் தானாகக் கீழே இறங்கி மவுத்பீசைக் கடிக்கப் பார்த்தது. சத்தம் ஒரு கணம் ஒடுங்கியது. ஐயோ, போச்சு! ஊது, ஊது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாடையைத் தளர்த்தினாள், அடிவயிற்றிலிருந்து காற்றை அள்ளி விட்டாள். சத்தம் மண்டபத்தின் தகரக் கூரையில் போய் முட்டியது. மூச்சு தீர்ந்தது. இழுத்தாள், மறுபடி ஊதினாள். நிறுத்தினால் அந்த நேரம் பார்த்துக் கீச்சிவிடுமே! மறுபடி ஊதினாள். ஐயர் போதும் என்று கை காட்டினார். கணேஸ் முடிப்பு ஒன்று வாசித்தார், இன்னொன்று வாசித்தார், பிறகு தவிலையே நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தனியாக ஊதிக்கொண்டே இருந்தாள். சனம் சிரிக்கத் தொடங்கியது.

"அண்ணி!" மணவறையிலிருந்து நிலூஷா சத்தம் போட்டாள். "தாலி ஏறிருச்சு அண்ணி! போதும், மூச்சு விடுங்க!"

அனுஷியா கண்ணைத் திறந்தாள். சாக்சபோனை இறக்கினாள்.

"கீச்சுனுச்சாங்க?" என்று புருசனைக் கேட்டாள்.

"இல்ல அனு."

"நெசமா?"

"நெசமா. நீ கேக்கலையா?"

அவளுக்கு ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. மணவறைப் பக்கம் திரும்பினாள். "கட்டுனத நான் பாக்கவே இல்லையே நிலூஷா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதினொரு வருசமாக எத்தனையோ கல்யாணத்துக்கு ஊதியிருக்கிறாள். ஒரு தாலி கட்டுவதையும் அவள் கண்ணால் கண்டதில்லை. ஒவ்வொரு தடவையும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நிலூஷா மாலைக்குள் கையை விட்டு, புது மஞ்சள் காயாத தாலியை வெளியே எடுத்தாள்.

"இந்தா பாருங்க அண்ணி" என்று தூக்கிக் காட்டினாள்.