மாமா காய்ச்சிய ஜெர்மன் பீர்

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன வாரம் என்னை ஒரு பீர்க்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒரு கண்ணாடி டம்ளரில் செம்பழுப்பு நிற பீர் வந்தது. வறுத்த தானிய வாசனை மூக்கில் ஏறியதும் விருத்தாசலத்துப் பீங்கான் சூளை கண்முன் வந்து நின்றது. அவன் அப்பா, அதாவது என் மாமா, இதைத்தான் ஒருமுறை காய்ச்சினார் என்று அவனிடம் சொல்லவில்லை. பையன் ஆசையாக வாங்கித் தந்ததைக் கெடுப்பானேன்.

மாமா சூளை மேஸ்திரி. நான் அங்கேயே பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். புதுச் சூளை அமைக்க வந்த ஜெர்மன் இன்ஜினியர், திரும்பும்போது ஒருவரைத் தன் கம்பெனிக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். அவ்வளவுதான், மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஆளுக்கு அவர் ஊர் பீரையே காய்ச்சிக் கொடுத்து அசத்திவிடுவதாம்! போனில் வீடியோ பார்த்து, பார்லியை ஊறவைத்து, ஈரச்சாக்கில் முளைகட்டி, சூளைச் சூட்டில் சிவக்க வறுத்தார். அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, எங்கிருந்தோ வரவழைத்த கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, வீடே மணத்தது.

ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்க ஜாடி வேண்டுமே. எங்கள் ஊரில் நல்ல ஜாடியெல்லாம் லாரி ஏறிவிடும். வீட்டில் புழங்குவது கீறல் விழுந்த செகண்ட்ஸ்தான். மாமா பரணிலிருந்து அக்காவின் ஊறுகாய் ஜாடியை இறக்கினார்.

"அது வேணாங்க. எவ்ளோ கழுவினாலும் கீறலுக்குள்ள உப்பு இருக்குது."

"ஜாடியப் பத்தி எனக்கே சொல்லித் தரியா? போடி."

புளித்ததைச் சூளை ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜெர்மன்காரர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார். "பிக்கிள்!" என்று அவர் சிரிக்க, மொத்த ஷெட்டும் சிரித்தது. ஜெர்மனிக்கு வேறொருவன் போனான். மாமாவுக்கு 'ஊறுகா' என்ற பெயர்தான் மிச்சம். "இன்னா ஊறுகா, ஃப்ளைட்டு எப்போ?" என்று நேற்று சேர்ந்தவன்கூடக் கேட்டான். படுபாவிகள்.

அந்த ஆத்திரத்தை மாமா யாரிடம் காட்டினார் தெரியுமா? அக்காவிடம். "நீ வாய வச்சதாலதான்டி வெளங்காம போச்சு" என்றவர், அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். சோறு வேண்டுமென்றால், "உங்கம்மாகிட்ட சொல்லுடா" என்பார் மகனிடம். வருஷக்கணக்காக இப்படியே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா கெஞ்சினாள், அழுதாள், கடைசியில் அவளும் இறுகிப்போனாள்.

ஆஸ்பத்திரியில் மாமா கிடந்தபோது நானும் இருந்தேன். "உங்கக்காகிட்ட தண்ணி கேளு மாப்ள" என்றார் ஈனக்குரலில். அக்கா டம்ளரும் கையுமாகக் கட்டிலருகில்தான் நின்றிருந்தாள்.

"என்கிட்டயே கேக்கச் சொல்லு."

மாமா அவளைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். விடிவதற்குள் போய்விட்டார்.

இப்போது அந்தச் சூளை இல்லை. இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். 'ஊறுகா' என்று கூப்பிட்டவர்களும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்:

"ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனாடா?"